பெயராக நிற்கும் ஒரு வாக்கியம்



இந்த அரங்கில் ஜான் என்று பெயருள்ளவர் ஒருவராவது இருப்பார். அருளப்பன், யோவான், அருளானந்தம், யஹ்யா என்ற பெயருள்ளவர்களும் இருக்கலாம். இந்த ஐவரையும் மேடைக்கு அழைத்து வரிசையாக நிறுத்தி, "இவர்கள் ஐந்து பேருக்கும் பெயர் ஒன்றுதான்" என்று நான் சொன்னால், அந்த ஐவருமே நம்பமாட்டார்கள். வரிசையில் ரஷ்யாவின் இவான், ஸ்பெயினின் ஹுவான், ஜெர்மனியின் ஹான்ஸ், அயர்லாந்தின் ஷான், இத்தாலியின் ஜொவான்னி ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளலாம். பெண்கள் பக்கத்தில் ஜேன், ஜேனட், ஜோவன்னா. இத்தனை பேரும் ஓர் எபிரேயப் பெயரின் வாரிசுகள். அந்தப் பெயர் யோஹானான்.

கடைகளில் விற்கும் குழந்தைப் பெயர்ப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். ஜான் என்பதற்கு எதிரே சிலவற்றில் 'கடவுளின் கொடை' என்றும், சிலவற்றில் 'கருணை உள்ளவன்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். முதலாவது வேறொரு பெயரின் பொருள். அது எந்தப் பெயர் என்பதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது, யாருக்கு உரிய குணத்தையோ பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறது. பிள்ளை கருணை உள்ளவன் என்று அந்தப் பெயர் சொல்லவே இல்லை. பிள்ளையைப் பற்றியே அது ஒன்றும் சொல்லவில்லை.

யோஹானான் என்பது ஒரு முழு வாக்கியம். அதில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. முன்பாதியான 'யோ' என்பது யாவே என்ற இறைப்பெயரின் சுருக்கம். யூதர்கள் அந்த இறைப்பெயரை வாய்விட்டு உச்சரிப்பதில்லை. வேதத்தை வாசிக்கும்போது அந்த நான்கு எழுத்து வரும் இடத்தில் 'ஆண்டவர்' என்று பொருள்படும் வேறு சொல்லைப் படித்துவிட்டுப் போவார்கள். ஆனால் மனிதர்களின் பெயருக்குள் அதன் துண்டுகள் தாராளமாகப் புழங்கின. முன்னால் வந்தால் 'யெஹோ' அல்லது 'யோ', பின்னால் வந்தால் 'யாஹு' அல்லது 'யா'. எசாயா, எரேமியா, செக்கரியா எல்லாம் பின்னால் வந்த வகை. யோஹானானின் பழைய நீண்ட வடிவம் யெஹோஹானான்.

பின்பாதி 'ஹானன்'. இது வினைச்சொல், அதுவும் முடிந்துபோன செயலைச் சொல்லும் படர்க்கை ஆண்பால் வினைமுற்று. ஆகவே பெயரின் பொருள் 'யாவே அருள்கூர்ந்தார்' என்பது. யாவே அருளுடையவர் என்று அவருடைய இயல்பைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குறிப்பிட்ட வேளையில், ஒரு குறிப்பிட்ட வீட்டில், அவர் ஒன்றைச் செய்தார் என்பது இது. சொல்கிறவர் பெற்றவர். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு தாயோ தந்தையோ ஊருக்கு அறிவிக்கும் செய்தியே அந்தப் பிள்ளைக்குப் பெயராகிவிட்டது.

பெற்றவர் குரல் பெயருக்குள் இருப்பது நமக்குப் புதிதல்ல. நான்காவதும் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு என்று பெயர் வைத்த ஊர்கள் நம்முடையவை. அந்தப் பெயர் அந்தப் பெண்ணின் குணத்தையா சொல்கிறது? அவளைப் பெற்றவர்களின் அலுப்பைச் சொல்கிறது. வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டியவள் மட்டும் அவள். யோஹானானிலும் பேசுவது பெற்றவர்தான். அங்கே அலுப்புக்குப் பதில் நன்றி.

'ஹானன்' என்ற வினைக்கு வேர் ஹேத், நூன், நூன் என்ற மூன்று எழுத்துகள். இந்த வேரில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வளமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. 'ஹேன்' என்றால் தயவு. எபிரேயத்தில் ஒருவர் இன்னொருவருடைய கண்களில் ஹேன் காண்பார். நோவா யாவேயின் கண்களில் ஹேன் கண்டார் என்கிறது தொடக்கநூல். நோவாவின் பெயர் எபிரேயத்தில் நூன், ஹேத் என்ற இரண்டே எழுத்து. திருப்பிப் போட்டால் ஹேன்! எழுதியவர் வேண்டுமென்றே விளையாடியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே வேரிலிருந்து 'ஹின்னாம்' என்றொரு சொல். பொருள்: விலையில்லாமல், காரணமில்லாமல். அதற்கு நம்மிடம் உள்ள சரியான சொல் 'சும்மா'. யோபுவின் நூலில் சாத்தான் கடவுளிடம் கேட்கும் முதல் கேள்வியில் இந்தச் சொல் வருகிறது: யோபு உமக்குச் சும்மாவா அஞ்சி நடக்கிறான் என்று அவன் கேட்கிறான். அருளுக்கும் சும்மாவுக்கும் ஒரே வேர் என்பதைக் கவனியுங்கள். உழைத்துப் பெற்றால் அது கூலி. சும்மா கிடைத்ததுதான் ஹேன்.

இன்னும் ஒன்று. கொடுப்பவர் செய்வதைச் சொல்லும் அதே வேர், சற்றே வடிவம் மாறினால், கேட்பவர் செய்வதையும் சொல்லும். 'தெஹின்னா' என்றால் மன்றாட்டு, கெஞ்சிக் கேட்கும் வேண்டுதல். பிள்ளையில்லாமல் சீலோவின் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது வேண்டிக்கொண்ட பெண்ணின் பெயர் ஹன்னா, நம் விவிலியத்தில் அன்னாள். அவளும் இதே வேர். ஆக இந்தப் பெயருக்குள் கொடுத்தவரும் இருக்கிறார், கை நீட்டியவரும் இருக்கிறார். நம் ஊரில் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற பிள்ளைக்குப் பிச்சை என்றும் பிச்சைமுத்து என்றும் பெயர் வைப்பார்கள். கேட்டு வாங்கியது, விலை கொடுத்ததல்ல என்பதே அதன் உட்கிடை. அகராதியை ஓரமாக வைத்துவிட்டு, யோஹானானுக்கு மனத்தளவில் மிக நெருங்கிய தமிழ்ப் பெயர் எது என்று கேட்டால், நான் பிச்சை என்றுதான் சொல்வேன்.

எபிரேயத்தில் இந்த வாக்கியத்தைத் திருப்பியும் சொல்லலாம். வினை முன்னால், இறைப்பெயர் பின்னால் வந்தால் ஹனனியா. நம் விவிலியத்தில் அனனியா. யோவானுக்கும் அனனியாவுக்கும் பொருள் ஒன்றே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எரேமியா இறைவாக்கினரின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தவன் அனனியா. எருசலேம் வீழ்ந்த பிறகு, எகிப்துக்குப் போகாதே என்று எரேமியா சொன்னதைக் கேளாமல் மக்களையும் எரேமியாவையும் சேர்த்து எகிப்துக்கு அழைத்துக்கொண்டு போனவன் கரேயாவின் மகன் யோகனான். இந்த இறைவாக்கினரை மல்லுக்கு இழுத்த இருவருக்கும் 'யாவே அருள்கூர்ந்தார்' என்றே பெயர்.

அந்தக் கரேயாவின் மகனோடு ஒரு சகோதரனும் வருகிறான். பெயர் யோனத்தான். இப்போது பெயர்ப் புத்தகத்துக்கு வருகிறேன். 'நாத்தன்' என்றால் கொடுத்தார். யோனத்தான் என்றால் 'யாவே கொடுத்தார்'. ஜொனாதன் என்று நாம் எழுதும் பெயர் அதுதான். கடவுளின் கொடை என்ற விளக்கம் அங்கே போக வேண்டியது, தவறி ஜானிடம் வந்துவிட்டது. ஜான், ஜொனாதன் என்று ஒலி ஒத்திருப்பதால் வந்த குழப்பம் இது. ஒரே வீட்டில் ஒரு மகனுக்கு யோஹானான், இன்னொருவனுக்கு யோனத்தான் என்று வைத்தவர்களுக்கு அந்தக் குழப்பம் இருந்திருக்காது.

இந்த வாக்கியம் யூதர்களுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. அண்டை வீட்டுக்காரர்களான பினீசியர்களின் மொழி எபிரேயத்தின் உடன்பிறப்பு. அவர்களின் கடவுள் பாகால். அவர்களும் பிள்ளை பிறந்தால் இதையே சொன்னார்கள், கடவுளின் பெயரை மட்டும் மாற்றி. பினீசியர் போய்க் குடியேறிய கார்த்தேஜில் பிறந்த ஒரு பிள்ளை, கி.மு. 218-இல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமை நடுங்க வைத்தான். ஹன்னிபால். 'பாகாலின் அருள்' என்று அந்தப் பெயரைப் பிரிப்பார்கள். யோவானுக்கும் ஹன்னிபாலுக்கும் நடுவே இருக்கும் 'ஹன்' ஒன்றே.

இனி இந்தப் பெயரைத் தாங்கிய மனிதர்கள் சிலரைப் பார்ப்போம். எகிப்தில் அஸ்வான் அருகே நைல் ஆற்றுக்கு நடுவில் எலிஃபன்டைன் என்றொரு தீவு. பாரசீகர் ஆட்சியில் அங்கே யூதப் படைவீரர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்களுக்கென்று ஒரு கோயிலும் இருந்தது. கி.மு. 410-இல் அது இடிபட்டது. மூன்று ஆண்டு கழித்து, கி.மு. 407-இல், யூதேயாவின் ஆளுநருக்கு அவர்கள் அரமேய மொழியில் எழுதிய மனு பாப்பிரஸ் தாளில் நமக்குக் கிடைத்திருக்கிறது. முன்பே எருசலேமின் தலைமைக் குருவுக்கும் எழுதினோம், அவர் பதிலே போடவில்லை என்று அதில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பதில் போடாத அந்தத் தலைமைக் குருவின் பெயர் யெஹோஹானான். பெயர் வைத்தவர்களின் நன்றிக்குப் பெயர் சுமப்பவர் பொறுப்பல்ல என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டாம்.

அடுத்த சில நூற்றாண்டுகளில் இந்தப் பெயர் யூதர்களிடையே மிகப் பெருகியது. காரணம் அரசியல். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய மக்கபேயர் குடும்பத்தில் ஐந்து சகோதரர்கள்: யோஹானான், சீமோன், யூதா, எலயாசர், யோனத்தான். இங்கேயும் யோஹானானும் யோனத்தானும் அண்ணன் தம்பிகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். விடுதலை வீரர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம்தானே. நம் வீடுகளில் எத்தனை காந்தி, எத்தனை நேரு, எத்தனை சுபாஷ்! பழங்கால யூதப் பெயர்களைக் கல்வெட்டிலும் ஏட்டிலும் எலும்புப் பெட்டியிலும் தேடித் தொகுத்தவர் தால் இலான் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர். அவருடைய தொகுப்பின்படி, ஏசு வாழ்ந்த காலத்தை ஒட்டிய பாலஸ்தீனத்தில் மிகுதியாகப் புழங்கிய ஆண் பெயர்களில் யோஹானான் ஒன்று. மக்கபேயர் மீதான பற்றே அதற்குக் காரணம் என்பது அவருடைய கருத்து. எனக்கு அதில் மறுப்பில்லை.

அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் யோஹானான் ஹிர்க்கானு என்பவர் கி.மு. 134 முதல் 104 வரை ஆண்டார். அவர் வெளியிட்ட வெண்கலக் காசுகள் கிடைக்கின்றன. சிறிய காசு. ஒரு பக்கம் இரட்டை வளக்கொம்பு, நடுவே மாதுளை. மறுபக்கம் ஒரு மலர்வளையத்துக்குள், அந்தக் காலத்திலேயே வழக்கொழிந்துபோயிருந்த பழைய எபிரேய எழுத்தில், 'யெஹோஹானான், தலைமைக் குரு, யூதர்களின் அவை' என்று பொறித்திருக்கிறது. அரசன் என்ற சொல்லே இல்லை. தன் பழமையை நிறுவ விரும்பும் புதிய ஆட்சி, பழைய எழுத்தைத் தேடிப் போயிருக்கிறது.

சாதாரண யோஹானான்களில் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1968-இல் எருசலேமுக்கு வடக்கே கிவ்அத் ஹமிவ்தார் என்ற இடத்தில் வீடு கட்ட மண் தோண்டியபோது பழைய கல்லறைகள் வெளிப்பட்டன. அந்தக் காலத்து யூதர்கள், உடல் மக்கிய பிறகு எலும்புகளைப் பொறுக்கிச் சுண்ணாம்புக்கல் பெட்டியில் இட்டு மூடிவைப்பார்கள். அப்படி ஒரு பெட்டியின் பக்கத்தில் யெஹோஹானான் என்று கீறியிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு. அதன் பக்கவாட்டில் ஓர் இரும்பு ஆணி ஊடுருவியிருந்தது. நீளம் 11.5 சென்டிமீட்டர். அதன் முனை வளைந்திருக்கிறது. சிலுவை மரத்தில் அடித்தபோது கடினமான இடத்தில் பட்டு வளைந்து, பிறகு உருவ முடியாமல், எலும்போடு சேர்த்தே புதைத்திருக்க வேண்டும். ரோமர்கள் ஆயிரக்கணக்கானோரைச் சிலுவையில் அறைந்ததாக நூல்கள் சொல்கின்றன. அதற்கு உடல்வழிச் சான்றாக முதன்முதலில் கிடைத்தது இந்த யோஹானானின் குதிகால்தான். அவர் செய்த குற்றம் என்னவென்று பெட்டியில் எழுதவில்லை.

பெண்களும் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள் என்பதற்கும் ஓர் எலும்புப் பெட்டியே சாட்சி. அதில் 'யெஹோஹானா, தலைமைக் குரு தெயோபிலின் மகனான யெஹோஹானானின் மகள்' என்று இருக்கிறது. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே பெயர், பால் விகுதி மட்டும் வேறு. லூக்கா நற்செய்தியில் கூசாவின் மனைவி யோவன்னாள் என்று வருபவள் இந்தப் பெயர்க்காரிதான். அவளிடமிருந்துதான் பின்னால் ஜோவன்னா, ஜேன் எல்லாம்.

கி.பி. 70-இல் எருசலேம் ரோமரிடம் வீழ்வதற்கு முந்தைய போர்க்காலத்தில் நகருக்குள் இரண்டு புகழ்பெற்ற யோஹானான்கள் இருந்தார்கள். கலிலேயாவின் குஷ் ஹலாவிலிருந்து வந்த யோஹானான், கடைசிவரை சண்டையிடுவோம் என்ற போராளித் தலைவர். ரோமர் அவரைப் பிடித்து வாழ்நாள் சிறையில் தள்ளினார்கள். மற்றவர் யோஹானான் பென் சக்காய் என்ற ரபி. நகரை விட்டு யாரையும் உயிரோடு வெளியே விடமாட்டோம் என்று போராளிகள் காவல் நின்றதால், சீடர்கள் அவரைச் சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள் என்பது யூத மரபு சொல்லும் செய்தி. ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் அவர் கேட்டு வாங்கியது யாவ்னே என்ற சிற்றூரும் அதன் அறிஞர்களும். ஆலயம் எரிந்த பிறகும் யூத சமயம் பிழைத்திருப்பதற்கு அந்தச் சிற்றூரில் தொடங்கிய கல்விதான் அடித்தளம். வாளை நம்பிய யோஹானானைவிடச் சவப்பெட்டியில் ஏறிய யோஹானானே தொலைநோக்குள்ளவர் என்பது என் தீர்ப்பு. இன்றைக்கும் இதில் மாற்றுக் கருத்துள்ள யூதர்கள் உண்டு.

ஆனால் உலகம் முழுக்க இந்தப் பெயரைக் கொண்டுபோனவர்கள் இவர்கள் யாரும் அல்லர். யோர்தான் ஆற்றில் திருமுழுக்குக் கொடுத்தவரும், ஏசுவின் சீடரான யோவானுமே அதைச் செய்தார்கள். முன்னவர் பெயர் பெற்ற நிகழ்ச்சியை லூக்கா முதல் அதிகாரத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். முதுமையில் பிள்ளை. எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்கு வந்த உறவினர்கள், அப்பன் பெயரையே வைத்துவிடலாம் என்கிறார்கள். தாய் எலிசபெத்து மறுத்து, யோவான் என்கிறாள். உங்கள் உறவில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லையே என்று அவர்கள் கேள்வி கிளப்புகிறார்கள். பெயர் வைக்கும் நாளில் உறவுக்காரர்கள் தலையிடாத நாடு ஏது! பேச்சிழந்து இருந்த தந்தை செக்கரியா ஒரு சிறு எழுதுபலகையை வாங்கி, இவன் பெயர் யோவான் என்று எழுதிவிட்டார். அந்த நொடியே நாவும் திறந்தது.

லூக்கா கிரேக்கத்தில் எழுதினார். பெயருக்குப் பொருள் என்னவென்று அவர் எங்கும் விளக்கவில்லை. ஆனால் நாவு திறந்ததும் செக்கரியா பாடும் பாட்டில், 72, 73ஆம் வசனங்களில், மூன்று செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன: கடவுள் நம் முன்னோருக்கு இரக்கம் காட்டினார், தம் உடன்படிக்கையை நினைவுகூர்ந்தார், ஆபிரகாமுக்கு இட்ட ஆணையைக் காத்தார். எபிரேயத்தில் செக்கரியா என்றால் 'யாவே நினைவுகூர்ந்தார்'. எலிசபெத்து, அதாவது எலிஷேவா, 'என் இறைவன் ஆணை'. யோஹானான் 'யாவே அருள்கூர்ந்தார்'. தாய், தந்தை, பிள்ளை மூவர் பெயரையும் அந்த இரண்டு வசனத்துக்குள் கோத்திருக்கிறது. கிரேக்கத்தில் படித்தால் இது கண்ணில் படாது. எபிரேயம் தெரிந்தவர்கள் இதைக் கண்டுசொல்லிப் பல காலமாகிறது.

திருக்குர்ஆனில் இதே பிள்ளைக்கு யஹ்யா என்று பெயர். மர்யம் அத்தியாயம் ஏழாம் வசனம், இந்தப் பெயரை இதற்கு முன் யாருக்கும் இட்டதில்லை என்கிறது. அரபுக் காதுக்கு யஹ்யா என்பது 'வாழ்கிறான்' என்ற வினைபோல ஒலிக்கும். ஆனால் அதே அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில், யஹ்யாவுக்கு இறைவன் தந்ததாகச் சொல்லும் பண்பு 'ஹனான்', அதாவது இளகிய பரிவு. திருக்குர்ஆன் முழுவதிலும் அந்தச் சொல் அந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. எபிரேயப் பெயரின் பழைய வேர் அங்கே வந்து நிற்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

பிறகு பெயர் கடல் கடந்தது. கிரேக்கத்தில் ஹேத் என்ற அடித்தொண்டை எழுத்துக்கு இடமில்லை. யோஹானான், யோவான்னெஸ் ஆனது. லத்தீன் எழுத்தர்கள் ஓர் 'ஹ'வைத் திரும்பச் செருகி யோஹான்னெஸ் என்றார்கள். அங்கிருந்து ஒவ்வொரு மொழியும் தன் நாக்குக்கு ஏற்ப வெட்டிக்கொண்டது. ஜெர்மானியர் தலையை வெட்டி ஹான்ஸ் என்றார்கள். அதில் 'யோ' போய்விட்டது, 'ஹன்' மட்டும் மீந்தது. கடவுளை விட்டுவிட்டு அருளை வைத்துக்கொண்டார்கள். ரஷ்யர் இவான், செக் மக்கள் யான், ஹங்கேரியர் யானோஷ், ஆர்மீனியர் ஹோவ்ஹான்னெஸ், போர்ச்சுகீசியர் ழுவாவ். பட்டியலை நீட்டலாம், பயனில்லை.

இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். கி.பி. 533-இல் ரோமில் திருத்தந்தையாகத் தேர்வானவரின் இயற்பெயர் மெர்க்குரியுஸ், ரோமர்களின் தெய்வப் பெயர். திருச்சபைத் தலைவருக்கு அது பொருந்தாது என்று கருதி அவர் இரண்டாம் யோவான் ஆனார். திருத்தந்தையர் பெயர் மாற்றிக்கொள்ளும் வழக்கம் அவரிடமிருந்து தொடங்கியதாகக் கொள்கிறார்கள். மற்றொன்று இசை பற்றியது. நம் நிஷாதத்தின் இடத்தில் மேற்கத்திய இசை 'ஸி' என்று பாடும். அந்த வரிசையின் மற்றச் சுரப் பெயர்களில் பெரும்பாலானவை புனித யோவானுக்கான ஒரு லத்தீன் பாடலின் அடிகளின் முதல் அசைகள். 'ஸி' மட்டும் அந்தப் பாடலின் முடிவில் வரும் 'ஸான்க்தே யோவான்னெஸ்' என்ற விளியின் இரண்டு முதலெழுத்து.

இப்போது நம் ஊருக்கு வரலாம். தமிழ் விவிலியத்தில் இந்தப் பெயருக்கு ஒரே நூலுக்குள் இரண்டு வடிவம். பழைய ஏற்பாட்டில் எபிரேயத்திலிருந்து வந்த யோகனான். புதிய ஏற்பாட்டில் யோவான். கரேயாவின் மகனும் யோர்தான் ஆற்றுத் துறவியும் ஒரே பெயர்க்காரர்கள் என்று தமிழில் படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. பக்கத்துக் கேரளத்தில் சிரியக் கிறிஸ்தவர்கள் யோஹன்னான் என்று சிரியாக்கு ஒலியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் கூப்பிட உலஹன்னான், லோனப்பன். யாழ்ப்பாணத்தில் பரி. யோவான் கல்லூரி. அங்கே ஆளை ஜோன் என்று எழுதுவார்கள், இங்கே ஜான் என்கிறோம்.

ஆனால் தமிழ்க் கத்தோலிக்கர் வேறொரு வேலை செய்தார்கள். அவர்கள் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். யோவான், அருளப்பர் ஆனார். பவுல் என்பதற்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள், ஆகவே அவர் சின்னப்பர். லிஸ்பனில் 1647-இல் பிறந்து, மறவர் சீமையில் பணியாற்றி, 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ழுவாவ் தெ பிரித்தோ, தமிழில் அருளானந்தர். ஓரியூருக்குப் போய் வேண்டிக்கொண்டு பிள்ளைக்கு அருளானந்தம் என்று வைக்கிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, யோஹானான் என்றுதான் வைக்கிறார்கள்.

இதில் உச்சம் வீரமாமுனிவர். அவர் பெயரே இத்தாலிய மொழியில் கொன்ஸ்தான்சோ. உறுதியுள்ளவர் என்ற அந்தப் பொருளைத் தைரியநாதர் என்று முதலில் தமிழாக்கி, அது வடசொல் என்பதால் வீரமாமுனிவர் ஆனார் என்பார்கள். 3,615 பாடல் கொண்ட தேம்பாவணியில் சூசையை வளன் என்றார். சூசை என்பது யோசேப்பு; அந்த எபிரேயப் பெயருக்குப் 'பெருகச் செய்வாராக' என்று பொருள். திருமுழுக்கு யோவானை அவர் அருளப்பன் என்றும் சொல்லவில்லை. கருணையன் என்றார். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், தாயை இழந்து கருணையன் காட்டில் புலம்பும் பகுதியைப் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். படித்தபோது அது ஜான் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அந்த அளவுக்கு அது தமிழாகிவிட்டது.

நான் இதைப் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன், ஒரு குறையோடு. அருளப்பனிலும் கருணையனிலும் வேர் பிழைத்தது, வாக்கியம் பிழைக்கவில்லை. அருள்கூர்ந்தவர் யாவே என்ற எழுவாய் போனது, நடந்து முடிந்தது என்ற காலம் போனது. பெற்றவரின் அறிவிப்பாக இருந்தது, பெயர் தாங்கியவரின் பண்பாக மாறியது. கருணையன் என்றால் கருணை உள்ளவன். அதாவது, பெயர்ப் புத்தகம் செய்த அதே தவறு, காப்பிய அழகோடு. வீரமாமுனிவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தமிழில் வினைமுற்று ஒன்று ஆண் பெயராக நிற்பது அரிது, யாப்பிலும் உட்கார வேண்டும் என்று அவர் முடிவெடுத்திருக்க வேண்டும்.

சமீப காலத்தில் அருளப்பன் அருகிவருகிறார். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கத்தோலிக்கருக்கும் யோவான் என்றே தந்துவிட்டது. சபைகளுக்கு இடையே ஒரே வடிவம் வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையில் அருளப்பனும் ஒன்று. இன்று பிறக்கும் குழந்தைக்கு ஜான் வைக்கிறார்கள், ஜோவான் வைக்கிறார்கள், அருளப்பன் என்று வைக்கத் தயங்குகிறார்கள், தாத்தா பெயராம்.

அவையில் உள்ள பெற்றோர்களிடமும், பெற்றோராகப் போகும் இளைஞர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜான் என்று வைப்பதானால் தாராளமாக வையுங்கள், பிள்ளை வளர்ந்து பொருள் கேட்டால் 'கடவுளின் கொடை' என்று சொல்லாதீர்கள், அது ஜொனாதனுக்கு உரியது. 'கடவுள் எங்களுக்கு அருள்கூர்ந்தார்' என்று சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தில் அருளப்பன் என்று ஒரு தாத்தா இருந்திருந்தால், பேரனுக்கு அதையே வைப்பதைப் பற்றியும் யோசியுங்கள்.